'மாயாபஜார்' முகங்களுக்கு 53 வருஷம் கழித்து நிறம் வந்தது எப்படி? ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கதை

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் மத்தியானம் 12 மணிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பின்னால் இருக்கிற மணலும் அலை நுரையும் வெள்ளைக் காகிதமாகிவிடும். நுரைக்கு வைத்தால் முகம் கரி பூசினதுபோல இருண்டுவிடும்.

சரி, கலர் கிரேடிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று செங்கல்பட்டுக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரில் முகத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் அடுத்த தலைவலி. மாநிறமான பெண்ணின் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். கொஞ்சம் நிறத்தைக் கூட்டினால் ஆரஞ்சுக்குப் போய்விடும். கல்யாண வீடியோ எடுப்பவர், குறும்படக்காரர், ரீல்ஸ் போடுபவர் என்று ஈ.சி.ஆர். ஓரம் கேமரா பிடிக்கிற எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இது.

இந்தச் சிக்கலோடு சுமார் முப்பது வருஷம் மல்லுக்கட்டிய ஒருவர் சென்னையில் இருந்தார். கையில் கம்ப்யூட்டர் கிடையாது, மானிட்டர் கிடையாது. எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கவே லேபிலிருந்து பிரிண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் பெயர் மார்கஸ் பார்ட்லி.

யார் இந்த மார்கஸ் பார்ட்லி?

'பாதாள பைரவி', 'மிஸ்ஸியம்மா', 'மாயாபஜார்', 'செம்மீன்', 'சாந்தி நிலையம்'. இந்தப் படங்களின் நடிகர், பாடகர், இயக்குநர் பெயரெல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். ஐந்துக்கும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் ஒரே ஆள் என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

பார்ட்லி ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் 1917-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா வாங்கிக் கொடுத்த கேமராவில் ஆரம்பித்தது அவருடைய பயணம். டைம்ஸ் ஆஃப் இந்தியா பத்திரிகையில் புகைப்படக்காரராக வேலை பார்த்தார். பிறகு பிரிட்டிஷ் மூவிடோன் நிறுவனத்துக்குச் செய்திப்படக் கேமராமேன் ஆனார்.

இந்த அனுபவம் முக்கியம். செய்திப்படத்தில் ரீடேக் கிடையாது. ஊர்வலத்தில் போகிறவரை நிறுத்தி, வெயில் சரியில்லை, இன்னொரு தடவை நடங்கள் என்று கேட்க முடியாது. இருக்கிற வெளிச்சம் என்ன, அதில் முகம் தெரியுமா தெரியாதா என்று அந்த நொடியிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

1945-ல் பி.என். ரெட்டி இயக்கிய 'ஸ்வர்க்க சீமா' தெலுங்குப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். அதன்பிறகு வடபழனியில் இருந்த விஜயா - வாஹினி ஸ்டூடியோதான் அவருடைய களம். நாகி ரெட்டி, சக்ரபாணி இருவரின் விஜயா புரொடக்‌ஷன்ஸ் எடுத்த பெரிய படங்களில் அவர் பெயர் தொடர்ந்து வந்தது. 1951-ல் 'பாதாள பைரவி', 1955-ல் 'மிஸ்ஸியம்மா', 1957-ல் 'மாயாபஜார்', 1962-ல் தெலுங்கில் 'குண்டம்மா கதா'.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஏது தோல் நிறம்?

இருக்கிறது. ஒருவகையில் கலர் படத்தைவிடக் கறாரான கணக்கு அதில்தான்.

கறுப்பு வெள்ளையில் ஒரு முகம் என்பது சாம்பல் நிறத்தின் பல படிகள். நெற்றியில் விழும் பளபளப்பு, கன்னத்தின் நடு வெளிச்சம், மூக்குக்குப் பக்கத்தில் இறங்கும் நிழல், தாடைக்குக் கீழே இருட்டு. இந்தப் படிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் முகம் சதையும் எலும்புமாக நிற்கும். இரண்டு படி ஒன்றாகிப் போனால் மாவு பிசைந்து ஒட்டிய மாதிரி ஆகிவிடும்.

அந்தக் காலத்தில் இதற்குச் சுலபமான வழி, கனமான மேக்கப் போட்டு, முன்னாலிருந்து நேராக லைட் அடிப்பது. முகம் பளிச்சென்று தெரியும். ஆனால் எல்லா முகமும் ஒரே முகம் மாதிரி தெரியும். மாநிறக்காரரும் வெளுப்பாக வருவார், கறுப்பாக இருப்பவரும் வெளுப்பாக வருவார்.

பார்ட்லியின் படங்களில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும். மறுபக்கம் நிழல் இருக்கும், ஆனால் அந்த நிழலுக்குள் கண் தெரியும். 'மிஸ்ஸியம்மா'வில் சாவித்திரியின் க்ளோசப்களைப் பார்த்தால் இது புரியும். கோபமும் வெட்கமும் அந்த முகத்தில் மாறி மாறி வருவது தெரிகிறது என்றால், சின்ன நிழல்களைக்கூட ஃபிலிம் விழுங்காமல் பார்த்துக்கொண்ட லைட்டிங்குக்கும் அதில் பங்கு உண்டு.

ஸ்டூடியோவுக்குள் உதித்த நிலா

பார்ட்லி என்றாலே சினிமாக்காரர்கள் சொல்வது அவருடைய நிலா வெளிச்சத்தைத்தான்.

உண்மையான நிலா வெளிச்சத்தில் அந்தக் காலத்து ஃபிலிமில் ஒன்றும் பதியாது. அதனால் பகலில் எடுத்து இரவு மாதிரி காட்டுவார்கள். லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டு, எக்ஸ்போஷரைக் குறைத்தால் நீல வானம் கறுத்துவிடும். பார்க்க இரவு மாதிரி இருக்கும். ஆனால் சிவப்பு ஃபில்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தோலில் இருக்கிற சிவப்பையும் உதட்டின் சிவப்பையும் அது வெளுத்துவிடும். கதாநாயகிக்கு உதடே இருக்காது.

'மாயாபஜார்' படகுப் பாட்டு நினைவிருக்கிறதா? அபிமன்யுவும் வத்சலாவும் நிலா ஒளியில் படகில் போவார்கள். தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ், இரண்டிலும் சாவித்திரி. இந்தப் பாட்டில் திறந்தவெளியில் எடுத்தது சில விநாடிகள் மட்டுமே. மீதி எல்லாம் ஸ்டூடியோவுக்குள் பார்ட்லி உண்டாக்கிய நிலா.

ஸ்டூடியோவில் எடுத்ததன் லாபம் என்ன? தண்ணீரின் மினுமினுப்புக்குத் தனி லைட், தலைமுடி ஓரத்தில் வெள்ளிக் கோடு மாதிரி விழுவதற்குத் தனி லைட், முகத்துக்குத் தனியாக மென்மையான லைட் என்று பிரித்து வைக்கலாம். ஹைலைட் எவ்வளவு ஏற வேண்டும், முகம் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைத் தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். இன்றைக்கு கிரேடிங் மென்பொருளில் முகத்தை மட்டும் வட்டம் போட்டுப் பிரித்து வெளிச்சம் ஏற்றுகிறோமே, அந்த வேலையை அவர் லைட்டை வைத்தே முடித்துவிட்டார்.

கலர் வந்தது, கூடவே ஒரு பாரபட்சமும் வந்தது

1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக வந்தது. 1960-களில் ஈஸ்ட்மன் கலர் பரவ ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளையில் கை தேர்ந்த ஒளிப்பதிவாளர்கள் எல்லாம் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

முதல் சிக்கல் வேகம். அப்போதைய ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவின் வேகம் ஏ.எஸ்.ஏ. 50 மட்டுமே. இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் 800 என்பது சாதாரணம். அதாவது இன்று ஒரு லைட் போதும் என்கிற இடத்தில் அன்று பதினாறு மடங்கு வெளிச்சம் வேண்டும். அந்தச் சூட்டில் நடிகர்களுக்கு வேர்க்கும். வேர்வை நெற்றியில் பளபளக்கும். அந்தப் பளபளப்பு ஃபிலிமில் வெள்ளைத் திட்டாக விழும்.

இரண்டாவது சிக்கல் கொஞ்சம் ஆழமானது. கலர் ஃபிலிமும் லேபின் அளவுகோல்களும் மேற்கத்திய நாடுகளில், வெளுத்த தோலை மனதில் வைத்து உருவானவை. நிறம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க லேப்களுக்கு கோடாக் அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி கார்டு என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் கன்னம் சரியாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம். மற்றவர்களின் கன்னம் எப்படி வந்தாலும் அது கணக்கில் இல்லை.

பழுப்பு நிறத்தின் நுணுக்கங்கள் ஃபிலிமில் சரியாக விழவில்லை என்ற குறை பிற்பாடு கோடாக் காதில் ஏறியது. ஏற வைத்ததில் பெரிய பங்கு சாக்லேட் கம்பெனிகளுக்கும் மர நாற்காலி, மேசை விற்றவர்களுக்கும் என்று அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். விளம்பரத்தில் டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

சென்னையில் கேமரா பிடித்தவர்களுக்கு இது நாற்காலிக் கவலை இல்லை. திரையில் வரப்போவது கறுப்பும் மாநிறமுமான முகங்கள்.

கருத்தம்மாவின் கடற்கரை

இந்த நிலையில்தான் 1965-ல் 'செம்மீன்' வந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவல், ராமு காரியாட் இயக்கம், சலில் சவுத்ரி இசை. தங்கப் பதக்கத்துடன் குடியரசுத் தலைவர் விருது வாங்கிய முதல் தென்னிந்தியப் படம்.

கதை நடப்பது மீனவர் குப்பத்தில். படப்பிடிப்பு நடந்தது கேரளத்தின் நாட்டிகா கடற்கரையில். வெள்ளை மணல், அதற்குமேல் வெயில், கண்ணைக் கூச வைக்கிற கடல், நடுவில் உப்புக் காற்றில் கறுத்த மனிதர்கள். மாமல்லபுரத்தில் இன்று நாம் மாட்டிக்கொள்கிற அதே கணக்கு. கையில் இருப்பதோ மேலே சொன்ன ஃபிலிம்.

இங்கே லேப் எவ்வளவு உதவும்? ஃபிலிம் காலத்து கிரேடிங் என்பது, நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சங்களைக் கூட்டிக் குறைப்பது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை புள்ளிகள். ஒரு ஷாட்டுக்கு ஒரு கணக்கு. முகத்தில் சிவப்பைக் கூட்டினால் மணலிலும் கூடும், வானத்திலும் கூடும். முகத்தை மட்டும் பிரித்து எதுவும் செய்ய முடியாது. ஆகவே மணலுக்கும் முகத்துக்கும் நடுவே இருக்கிற வெளிச்ச இடைவெளியைக் கேமராவில் எடுக்கும்போதே குறைத்துவிட வேண்டும்.

'செம்மீன்' படத்தில் கடல் ஒரு பாத்திரமாகவே இருக்கிறது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்தக் கடல் எத்தனை ஒளிர்ந்தாலும் மனித முகங்கள் அதில் காணாமல் போகவில்லை என்பதுதான் பார்ட்லியின் சாதனை.

இதில் ஒரு முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும். கதாநாயகியின் பெயர் கருத்தம்மா. கறுப்பைப் பெயரிலேயே வைத்திருக்கிற பெண். நடித்தவர் சிவந்த நிறமுள்ள ஷீலா. இயற்கையான தோல் நிறத்துக்காக ஒளிப்பதிவாளர் எவ்வளவு பாடுபட்டாலும், யாரை கேமராவுக்கு முன்னால் நிறுத்துவது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. அந்தப் பஞ்சாயத்து தென்னிந்திய சினிமாவில் இன்னமும் தீரவில்லை.

ஒரே ஃபிரேமில் இரண்டு திலீப் குமார்

1967-ல் விஜயா நிறுவனம் இந்தியில் எடுத்த 'ராம் அவுர் ஷியாம்' பார்ட்லிக்கு வேறு விதமான பரீட்சை. 'எங்க வீட்டுப் பிள்ளை' கதைதான். திலீப் குமாருக்கு இரட்டை வேடம், அதுவும் கலரில்.

இரட்டை வேடக் காட்சிக்கு லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒருவரை எடுத்து, ஃபிலிமைப் பின்னால் ஓட்டி, மறுபாதியை மறைத்து இன்னொருவராக அவரையே எடுப்பார்கள். நடுக்கோடு தெரியக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம். அதைவிடப் பெரிய கஷ்டம் தோல் நிறம். இரண்டு தடவையும் முகத்தில் ஒரே அளவு வெளிச்சம், ஒரே நிறம் விழுந்தாக வேண்டும். ஒருவர் கொஞ்சம் மஞ்சளாகவும் மற்றவர் கொஞ்சம் சிவப்பாகவும் வந்துவிட்டால் லேபில் சரிசெய்ய வழியில்லை. ஒருவரைச் சரிசெய்தால் மற்றவர் கெட்டுப்போவார்.

இரண்டு வருஷம் கழித்து, 1969-ல் 'சாந்தி நிலையம்'. ஜெமினி கணேசன், காஞ்சனா நடித்து ஜி.எஸ். மணி இயக்கிய தமிழ்ப் படம். அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் வண்ணப் படத்துக்கான சிறந்த ஒளிப்பதிவாளர் விருது பார்ட்லிக்குக் கிடைத்தது. கறுப்பு வெள்ளை நிலாவில் பெயர் வாங்கிய ஒருவர், ஐம்பதைத் தாண்டிய வயதில் கலரில் நாட்டின் உயர்ந்த விருதை வாங்கினார்.

1993-ல் பார்ட்லி காலமானார். டிஜிட்டல் கிரேடிங் சினிமாவுக்குள் வருவதற்கு முன்பே போய்விட்டார். ஆனால் அவருடைய முகங்கள் அதோடு முடிந்துவிடவில்லை.

2010: மாயாபஜாருக்கு நிறம் பூசியவர்கள்

ஹைதராபாத்தின் கோல்ட்ஸ்டோன் டெக்னாலஜிஸ் நிறுவனம் தெலுங்கு 'மாயாபஜார்' படத்தைக் கம்ப்யூட்டரில் வண்ணமாக்கி 2010 ஜனவரியில் வெளியிட்டது. 165 பேர் எட்டு மாதம் உழைத்தார்கள். மனிதத் தோலின் நிறத்தைக் கொண்டுவர மட்டும் 1,80,000 வண்ணச் சாயல்களைப் பயன்படுத்தியதாக அந்த நிறுவனம் சொன்னது.

லட்சக்கணக்கில் சாயல் இருந்தும், அவர்கள் ஒன்றை மட்டும் புதிதாக உண்டாக்கவில்லை. முகத்தின் வெளிச்சமும் நிழலும் பார்ட்லி 1957-ல் வைத்தவை.

வண்ணமாக்கல் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்ற தகவல் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் என்ன நிறம், எவ்வளவு அடர்த்தி என்பதை மட்டும் சேர்க்கிறார்கள். நெற்றியின் ஹைலைட் வெந்து வெறும் வெள்ளையாகிப் போயிருந்தால், அங்கே எந்தச் சாயலைப் பூசினாலும் சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி தட்டையாக இருக்கும். நிழல் கட்டிக் கறுப்பாகிப் போயிருந்தால் அங்கே நிறமே ஒட்டாது. பார்ட்லி படிப்படியாக விட்டுவைத்திருந்த சாம்பல்தான் அந்த நிறத்தைத் தாங்கிப் பிடித்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 'மாயாபஜார்' கறுப்பு வெள்ளைக்காகவே யோசித்து எடுத்த படம். நிலாவில் முகம் எவ்வளவு வெளுக்க வேண்டும், கடோத்கஜன் எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதெல்லாம் சாம்பல் கணக்கில் போட்டது. அதற்கு நிறம் பூசலாமா என்று கேட்க பார்ட்லி உயிரோடு இல்லை. கறுப்பு வெள்ளையில் கிருஷ்ணனின் நிறத்தைப் பார்க்கிறவர் மனசு முடிவு செய்துகொண்டது. 2010-ல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கிரேடிங் என்பது வெறும் டெக்னிக்கல் வேலை இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இன்றைக்கு மாமல்லபுரத்தில் கேமரா பிடிப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?

முதலில் நேரம். நாட்டிகாவில் சூரியன் கடலில் விழும். மாமல்லபுரத்தில் கடலிலிருந்து எழும். காலையில் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஆளை நிறுத்தினால் முகம் இருட்டாகும், முடி ஓரம் மட்டும் மின்னும். அதே ஆளை அதே இடத்தில் சாயங்காலம் நிறுத்தினால் மேற்கிலிருந்து வரும் தாழ்ந்த வெயில் முகத்திலும் விழும், கடலிலும் விழும். வெளிச்ச இடைவெளி தானாகக் குறையும். மத்தியானம்தான் எடுத்தாக வேண்டும் என்றால் ஒரு தெர்மாகோல் பலகை வைத்து முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும். நுரையின் வெள்ளை வெந்துபோகாமல் எக்ஸ்போஷர் வைக்க வேண்டும். வெந்த ஹைலைட்டை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

அடுத்தது கிரேடிங். ஒயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் முதலில். அப்புறம் தோல். அதற்குப் பிறகுதான் படத்துக்கு என்ன லுக் வேண்டும் என்பது. லுக்கிலிருந்து ஆரம்பித்தால் முகம் அதற்குப் பலியாகும்.

தோலைச் சரிபார்க்க வெக்டர்ஸ்கோப் என்ற அளவுகோல் எல்லா கிரேடிங் மென்பொருளிலும் இருக்கிறது. அதில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கோடு போகும். ஸ்கின் டோன் கோடு என்பார்கள். ஆச்சரியம் என்னவென்றால் சிவந்தவர், மாநிறம், கறுப்பு என்று நாம் பிரித்துப் பேசுகிற எல்லாத் தோலும் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டின்மேல்தான் வந்து விழும். தோலுக்கு நிறம் கொடுப்பது ரத்தமும் மெலனினும். அது எல்லோருக்கும் பொது. மாறுவது பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவுதான். வேவ்ஃபார்மில் வெளுத்த முகம் தோராயமாக 65, 70-ல் நிற்கும். மாநிறம் 50 பக்கம் நிற்கும். கறுத்த முகம் அதற்கும் கீழே நிற்கும். அது அங்கே நிற்பதுதான் சரி.

தப்பு நடக்கிற இடமும் இதுதான். 50-ல் இருக்க வேண்டிய மணப்பெண்ணின் முகத்தை 70-க்கு ஏற்றிவிட்டு, வீட்டார் சந்தோஷப்படுவார்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அன்று ஷெர்லி கார்டு செய்த வேலையை இன்று நம் கையே செய்கிறது.

பார்ட்லிக்குக் கிடைத்த ஃபிலிம் அவர் படம்பிடித்த மனிதர்களுக்காகச் செய்ததில்லை. இருந்தும் அந்த முகங்களை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைய கேமராக்கள் பழுப்பு நிறத்தின் அத்தனை படிகளையும் பதிவு செய்யக்கூடியவை. அந்தப் படிகளை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்பது மட்டும் இப்போதும் கிரேடிங் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கையில்.